தெற்கு ஸ்பெயினில் சிரித்துக்கொண்டே சுற்ற எந்தெந்த ஊர்கள்?

தெற்கு ஸ்பெயினுக்குப் போகிறேன், எதைப் படித்தாலும் அரண்மனை, தேவாலயம், ஃபிளமெங்கோ நடனம் என்றுதான் இருக்கிறது, கொஞ்சம் கோணலான, சிரிப்பு வரவழைக்கிற ஊர்களாகத் தேடிச் சுற்ற முடியுமா, முடியுமென்றால் எந்த வரிசையில் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தலூசியாவில், அதாவது நீங்கள் போகும் தெற்கு ஸ்பெயினில், வேடிக்கை மேடையில் நடப்பதைவிட ஊராட்சி அலுவலகத்தில் நடப்பது அதிகம். சபை கூடி, தீர்மானம் போட்டு, முத்திரை குத்தி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் செய்வார்கள். பிரான்ஸ் மீது போர் அறிவித்த கிராமம் அங்கே உண்டு. சாவதற்குத் தடை விதித்த ஊர் உண்டு. ஐந்து நூற்றாண்டுகளாக ஒரே திருட்டை முயன்று, ஒவ்வொரு வருஷமும் தோற்றுவரும் ஊரும் உண்டு. அரசர்களும் ஆயர்களும் பெரிய நிலக்கிழார்களும் காலங்காலமாக ஏறி மிதித்த மண் அது. எதிர்த்து நிற்க வழியில்லாத சின்ன ஊர்கள் கண்டுபிடித்த பதில்தான் இந்த விறைப்பான விளையாட்டு என்பது என் எண்ணம். அதனால் நீங்கள் அங்கே போய் ஜோக்கடிக்க வேண்டியதில்லை. அவர்கள் சொல்வதை ஒரு தீவிரமான முகத்தோடு கேட்டுக்கொண்டாலே போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

விமானம் அநேகமாக மாலகாவில் இறக்கிவிடும். பிக்காசோ 1881ல் பிறந்த ஊர். அவர் வீடு, அருங்காட்சியகம் எல்லாம் இருக்கின்றன, பாருங்கள். அதற்கு முன் தேவாலயத்தை அண்ணாந்து ஒருமுறை பாருங்கள். இரண்டு கோபுரம் கட்டத் திட்டமிட்டு ஒன்றோடு நின்றுபோனது. ஊர்க்காரர்கள் அதை 'ஒற்றைக்கைக்காரி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். மற்ற கோபுரத்துக்கு வைத்திருந்த பணம் அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவப் போய்விட்டது என்று ஒரு பேச்சு உண்டு.

அப்புறம் காபி. மாலகாவில் 'ஒரு காபி' என்று கேட்டால் பரிமாறுபவர் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். எந்தக் காபி என்று சொல்ல வேண்டும். 1936 முதல் 1939 வரை நடந்த ஸ்பானிய உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டுக் காலத்தில், ஆளாளுக்கு ஒரு அளவு கேட்டு, வந்தது சரியில்லை என்று திருப்பி அனுப்பி, காபி வீணாகிக்கொண்டிருந்ததாம். கஃபே சென்ட்ரல் என்ற கடையின் முதலாளி ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பெயர் வைத்து, கண்ணாடி டம்ளர்களின் படத்தோடு சுவரில் பீங்கான் ஓடாகப் பதித்துவிட்டார். பால் கலக்காத முழு டம்ளரில் தொடங்கி, பாதிக்குப் பாதி 'மிதாத்', பால் தூக்கலான 'சோம்ப்ரா', பாலில் காபி எட்டிப் பார்த்துவிட்டுப் போன 'நூபே' என்று இறங்கிக்கொண்டே போகும். பத்தாவது டம்ளர் காலி. அதன் பெயர் 'எனக்கு வேண்டாம்'. அந்தக் கடை 2022ல் மூடப்பட்டுவிட்டது. பெயர்கள் மட்டும் ஊரெங்கும் புழக்கத்தில் இருக்கின்றன. காலையில் 'நூபே' கேட்டுப் பாருங்கள், உங்களை உள்ளூர்க்காரர் என்றே நினைத்துவிடுவார்கள், அடுத்த வாக்கியம் பேசும்வரை.

மாலகாவில் காரை வாடகைக்கு எடுத்துவிடுங்கள். பெரிய நகரங்களுக்கு ரயிலும் பஸ்ஸும் நன்றாகவே ஓடுகின்றன, ஆனால் நான் சொல்லப்போகும் ஊர்களில் பாதிக்குப் பஸ்ஸை நம்பிப் போனால் திரும்புவது மறுநாள்தான். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும்.

முதல் நிறுத்தம் ரோண்டா மலைப்பகுதியில் உள்ள ஹுஸ்கர். இருநூற்றுச் சொச்சம் பேர் வாழும் கிராமம். சுற்றியுள்ள எல்லா ஊர்களையும் போல அதுவும் சுண்ணாம்பு வெள்ளையாகத்தான் இருந்தது. 2011ல் ஸ்மர்ஃப் என்ற நீலக் குள்ளர்களின் திரைப்படம் வெளியானபோது, விளம்பரத்துக்காக சோனி நிறுவனம் ஊரையே நீலமாக அடிக்க அனுமதி கேட்டது. வீடு, தேவாலயம், கல்லறைச் சுவர் எல்லாவற்றுக்கும் நீலம். விளம்பரம் முடிந்ததும் மறுபடி வெள்ளை அடித்துத் தருவதாக ஒப்பந்தம். ஆனால் அதற்குள் சுற்றுலாக் கூட்டம் வந்து குவிந்துவிட்டது. கிராமத்தார் வாக்கெடுப்பு நடத்தி, வெள்ளை வேண்டாம், நீலமே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். 2017ல் ஸ்மர்ஃப் உரிமையாளர்களோடு காப்புரிமைப் பணம் பற்றித் தகராறு வந்து, அந்தப் பெயரையும் பொம்மைகளையும் பயன்படுத்தக் கூடாது என்றாகிவிட்டது. சரி, பெயர் வேண்டாம், நிறம் உங்களுடையது இல்லையே என்று 'நீல கிராமம்' ஆகிவிட்டார்கள். வெள்ளை கிராமங்களுக்காகவே உலகம் வந்து பார்க்கும் மலையில் ஒன்று மட்டும் நீலமாக உட்கார்ந்திருக்கும் காட்சிக்காகவே போகலாம்.

ரோண்டாவில் ஓர் இரவு தங்குங்கள், பகலில் அல்ல. பகல் முழுக்க கடற்கரையிலிருந்து சுற்றுலாப் பஸ்கள் கொண்டுவந்து கொட்டும் கூட்டம். சாயங்காலம் அது வடிந்த பிறகுதான் ஊர் ஊராக இருக்கும். 98 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டும் பாலத்தை எல்லோரும் படமெடுப்பார்கள். 1793ல் கட்டி முடித்தது. இன்றுவரை அதன் பெயர் 'புதுப் பாலம்'. பக்கத்திலேயே செதெனில் என்ற ஊரில் பெரும் பாறையே தெருவுக்குக் கூரை. வீட்டுக்கு மேல் மாடி கட்ட வேண்டுமென்றால் மலையிடம்தான் கேட்க வேண்டும். நல்ல நிழல், அவ்வளவுதான், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை.

அங்கிருந்து மேற்கே ஹெரேஸ். ஷெர்ரி மதுவின் ஊர். குடிக்காதவர்களும் ஒரு மதுக்கிடங்குக்குள் போய் வரலாம், காரணம் எலிகள். கொன்சாலஸ் பியாஸ் நிறுவனத்தின் பழைய கிடங்கில், பீப்பாய்களுக்கு நடுவே தரையில் ஒரு கண்ணாடிக் கோப்பை நிறைய இனிப்பு ஷெர்ரி வைத்திருப்பார்கள். கோப்பையின் விளிம்பில் சாய்த்து ஒரு குட்டி ஏணி. எலி ஏறிக் குடிப்பதற்கு. வேடிக்கைக்காக வைத்த பொம்மை என்று நினைத்தால், எலி ஏறிக் குடிக்கும் புகைப்படத்தைக் காட்டுவார்கள்.

இனி காதிஸ். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். உங்களுக்கு நாள் குறைவாக இருந்தால் வேறு எதையாவது வெட்டுங்கள், காதிஸை வெட்டாதீர்கள். ஏறக்குறைய மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர், பினீசியர்கள் தோற்றுவித்தது, மேற்கு ஐரோப்பாவின் மிகப் பழைய நகரம் என்று பெயர். ஸ்பெயின் முழுக்க 'காதிஸ்காரன்' என்றாலே வாய்த்துடுக்குக்காரன் என்றுதான் பொருள் எடுத்துக்கொள்வார்கள். 1810 முதல் 1812 வரை நெப்போலியனின் படை விரிகுடாவின் மறுகரையிலிருந்து ஊரைக் குண்டு போட்டுக்கொண்டிருந்தது. பல குண்டுகள் வெடிக்காமலே விழுந்தன. ஊர்ப் பெண்கள் அந்தக் குண்டுகளை வைத்துக் கூந்தலைச் சுருட்டிக்கொள்கிறார்கள் என்று பாட்டுக் கட்டிப் பாடினார்கள். அந்த முற்றுகைக்கு நடுவிலேயே, 1812 மார்ச் 19ல், ஸ்பெயினின் முதல் அரசியல் சாசனத்தையும் எழுதி வெளியிட்டார்கள். ஒரு கையில் சாசனம், இன்னொரு கையில் கேலிப்பாட்டு என்று இருந்த ஊர்.

பிப்ரவரியில் நடக்கும் காதிஸ் கார்னிவல் இதன் தொடர்ச்சிதான். ரியோ கார்னிவல் போல உடம்பைக் காட்டும் திருவிழாவாக நினைத்துப் போகாதீர்கள், இங்கே வாய்தான் ஆடும். 'சிரிகோத்தா' என்ற குழுக்கள் ஒரே மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு, அந்த வருஷத்து அமைச்சர்கள், ஆயர், வங்கி, கால்பந்துக் குழு, சொந்த மேயர் என்று ஒருவரையும் விடாமல் பாடித் தீர்ப்பார்கள். ஃபால்யா அரங்கில் வாரக்கணக்கில் போட்டி நடக்கும், நள்ளிரவு தாண்டியும் முடியாது. போட்டிக்கே போகாமல் தெருவில் பாடும் குழுக்களுக்கு 'சட்டவிரோதக் குழுக்கள்' என்றே பெயர். நால்வர் குழு என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதில் மூன்று பேரும் இருக்கலாம், ஐந்து பேரும் இருக்கலாம். உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1937ல், பிற்பாடு சர்வாதிகாரியான ஃபிராங்கோவின் தரப்பு கார்னிவலையே தடை செய்தது. பிறகு வேறொரு பாவமான பெயரில், தணிக்கைக்கு உட்பட்டு, அரை உயிரோடு நடந்தது. 1977ல்தான் பழைய பெயரோடு பிப்ரவரிக்குத் திரும்பியது. நாற்பது வருஷத்துக்குச் சேர்த்துவைத்ததையும் பாடிவிட்டார்கள் என்று சொல்லலாம். உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாவிட்டால் வரிகள் புரியாது, உண்மை. தெரிந்தாலும் பாதி புரியாது, காதிஸ்காரர்கள் வார்த்தைகளின் கடைசி எழுத்துகளை விழுங்கிவிடுவார்கள். ஆனால் பக்கத்தில் நிற்கும் பாட்டி சிரிக்கிற சிரிப்பு தொற்றிக்கொள்ளும். பிப்ரவரியில் போக முடியாதவர்கள், மத்தியச் சந்தையில் மதியம் பன்னிரண்டுக்கு மேல் மீன் கடைக்காரர்களைக் கவனித்தாலே போதும், கிட்டத்தட்ட அதே நிகழ்ச்சிதான், டிக்கெட் கிடையாது.

வரைபடத்தில் காதிஸுக்கு அடுத்த மாகாணம் வெல்வா. பக்கம்தானே என்று நினைப்பீர்கள். நடுவில் குவாதல்கிவிர் ஆற்றின் முகத்துவாரமும் தொன்யானா சதுப்புநிலமும் இருக்கின்றன, நேர்ச்சாலை கிடையாது. செவில் வரை ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும், 200 கிலோமீட்டருக்கு மேல். அப்படிச் சுற்றிப்போய்ப் பார்க்க வேண்டிய ஊர் லேபே.

நம் பக்கத்தில் சர்தார்ஜி ஜோக் என்று ஒரு ரகம் உண்டல்லவா, ஸ்பெயினில் அந்த இடத்தில் ஒரு முழு ஊர் இருக்கிறது. விலைவாசி உயர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஏணியோடு கடைக்குப் போனவர் யார்? லேபேக்காரர். ஏன் இந்த ஊருக்கு இந்தத் தலையெழுத்து என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம். உண்மையில் லேபே ஸ்ட்ராபெர்ரி சாகுபடியில் நன்றாகச் சம்பாதிக்கும் ஊர். தங்களைப் பற்றிய ஜோக்குகளை அவர்களே முதலில் சொல்லிவிடுவார்கள், சொல்லும் முறை உங்களுடையதைவிட நன்றாக இருக்கும்.

அந்த ஊரின் வரலாறே ஜோக் போலத்தான் இருக்கிறது. 16ம் நூற்றாண்டு பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் எழுதிவைத்த கதை இது. ஹுவான் தெ லேபே என்ற மாலுமி இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றியின் அரண்மனையில் கோமாளித்தனத்தால் இடம் பிடித்தார். அரசரோடு சூதாடி, ஒரு நாள் அரசாட்சியையும் அந்த நாளின் வருமானத்தையும் வென்றார். ஒரே ஒரு நாள் இங்கிலாந்தை ஆண்டுவிட்டு, பணத்தோடு ஊர் திரும்பி மடத்தில் அடக்கமானார். நம்புவது உங்கள் விருப்பம், லேபேக்காரர்கள் நம்புகிறார்கள். இன்னொரு கதை இன்னும் நன்றாக ஆவணப்பட்டது. 1492 அக்டோபர் 12 அதிகாலை, கொலம்பஸின் பிந்தா கப்பலின் பாய்மரத்திலிருந்து முதலில் அமெரிக்கக் கரையைக் கண்டு கத்தியவர் ரோத்ரிகோ தெ த்ரியானா. முதலில் கரை காண்பவருக்கு ஆண்டுக்கு 10,000 மராவெதி (அந்தக் கால ஸ்பானிய நாணயம்) ஓய்வூதியம் என்று அரசர் அறிவித்திருந்தார். கொலம்பஸ் என்ன செய்தார் தெரியுமா? முந்தின இரவே நான் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன் என்று சொல்லி அந்தப் பணத்தைத் தானே வாங்கிக்கொண்டார். ரோத்ரிகோ எங்கள் ஊர்க்காரர் என்று லேபே உரிமை கொண்டாடுகிறது, செவிலின் த்ரியானா பகுதியும் கொண்டாடி சிலை வைத்திருக்கிறது. ஏமாந்த மனிதருக்காக இரண்டு ஊர்கள் சண்டை போடுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஏமாற்றியவரை செவில் தேவாலயத்தில் பார்க்கலாம். ஸ்பெயினின் நான்கு ராஜ்ஜியங்களைக் குறிக்கும் சிலைகள் தோளில் சுமக்கும் பெட்டி. 1506ல் வயதோலித்தில் இறந்த கொலம்பஸை செவிலுக்குக் கொண்டுவந்தார்கள், பிறகு சாந்தோ தொமிங்கோ, 1795ல் ஹவானா, 1898ல் மறுபடி செவில். எலும்புகள் எங்களிடமே இருக்கின்றன என்று டொமினிக்கன் குடியரசு இன்னும் சொல்கிறது. செத்த பிறகு இவ்வளவு ஊர் சுற்றியவர் வேறு யார் இருக்கிறார்? அதே தேவாலயத்தின் ஹிரால்தா கோபுரம் முன்பு மசூதிக் கோபுரமாக இருந்தது, அதில் படிகளுக்குப் பதில் 35 சாய்தளங்கள். தொழுகைக்கு அழைப்பவர் குதிரையில் ஏறிப்போவதற்காக அப்படிக் கட்டினார்கள் என்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்களும் ஏறிவிடலாம். வாசலில் ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணிக்கும் பெண்களிடம் மட்டும் கையை நீட்டாதீர்கள், ஜோசியம் இலவசமாகத் தொடங்கும், நோட்டில் முடியும். தெருவோர ஆரஞ்சுகளைப் பறித்துத் தின்ன ஆசை வரும். ஒரே கடியில் போய்விடும், அவ்வளவு கசப்பு, ஆங்கிலேயர்களின் மார்மலேடுக்கு அனுப்புகிற ரகம் அது.

செவிலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் கோரியா தெல் ரியோ என்ற சிற்றூர். இங்கே நூற்றுக்கணக்கானவர்களின் குடும்பப் பெயர் 'ஹப்போன்', அதாவது ஜப்பான். 1614ல் ஹசெகுரா சுனெனகா என்ற சாமுராயின் தலைமையில் ஒரு தூதுக்குழு ஸ்பானிய அரசரையும் பிறகு போப்பையும் பார்க்க இந்த வழியாக வந்தது. சிலர் திரும்பிப் போகவில்லை. சாமுராய்க்கு ஆற்றோரம் சிலை இருக்கிறது. பக்கத்தில் பொரித்த மீன் கடை.

இடையில் சாப்பாடும் நேரமும். மதிய உணவு இரண்டு மணிக்கு முன்னால் கிடைக்காது, இரவு உணவு ஒன்பதுக்கு முன்னால் கேட்டால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். 1940ல் ஃபிராங்கோ ஸ்பெயினின் கடிகாரத்தை ஜெர்மனியின் நேரத்துக்கு மாற்றிவைத்தார், யாரும் திருப்பிவைக்கவில்லை. சூரியன் ஒரு கணக்கு, கடிகாரம் ஒரு கணக்கு. இரண்டிலிருந்து ஐந்து வரை சின்ன ஊர்களில் கடைகள் அடைத்திருக்கும், அதில் கோபப்பட ஒன்றுமில்லை, நீங்களும் போய்ப் படுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறி சாண்ட்விச் என்று பெயர் போட்டிருப்பதைக் கேட்டால் உள்ளே சூரை மீனோ முட்டையோ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இறைச்சி வேண்டாம் என்றால் ஹாம் வரும். ஹாமை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். செவிலில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்து ஒரு குழம்பு, கோர்தோபாவில் கத்தரிக்காயை வறுத்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவது, மாலகாவில் பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த சூப் இவை மூன்றும் உங்களைக் காப்பாற்றும். கோர்தோபாவின் தக்காளிக் கூழான சல்மொரேஹோ அருமையானது, மேலே ஹாமும் முட்டையும் தூவுவார்கள், 'சின் ஹமோன், சின் வேவோ' என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

செவிலுக்கும் கோர்தோபாவுக்கும் நடுவில் எசிஹா. ஊரின் பட்டப்பெயர் 'அந்தலூசியாவின் வாணலி'. ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பக்கமே தலைகாட்டாதீர்கள். அதே வட்டாரத்தில் லா ராம்ப்லா என்ற ஊரில் 2021 ஆகஸ்ட் 14 அன்று 47.6 டிகிரி பதிவானது. கோர்தோபா மசூதி-தேவாலயத்தைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. 856 தூண்கள் கொண்ட மசூதிக்கு நடுவில் 1523ல் ஒரு தேவாலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். ஊர் சபை எதிர்த்தது, பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அனுமதி கொடுத்தார். பிறகு நேரில் வந்து பார்த்துவிட்டு, எங்கும் இல்லாததை இடித்து எங்கும் இருப்பதைக் கட்டியிருக்கிறீர்களே என்று அலுத்துக்கொண்டாராம். கையெழுத்துப் போடும் முன் வந்து பார்த்திருக்கலாம்.

கிரானடா போகும் வழியில் ஹயேன் மாகாணம். 6 கோடிக்கு மேல் ஆலிவ் மரங்கள், மணிக்கணக்கில் வேறு எதுவும் கண்ணில் படாது. உபேதா ஊரில் ஒரு பழங்கதை. மூர்களிடமிருந்து, அதாவது அப்போது ஆண்ட முஸ்லிம்களிடமிருந்து, அந்த ஊரைப் பிடிக்கப் போர் நடந்தபோது ஒரு தளபதி ஆளையே காணோம். எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்றார். எங்கே போயிருந்தாய் என்று அரசர் கேட்டதற்கு, 'உபேதா குன்றுகளில் வழி தவறிவிட்டேன்' என்றார். அங்கே வழி தவறும் அளவுக்குக் குன்றே கிடையாது. இன்றும் யாராவது பேச்சை எங்கோ கொண்டுபோனால் உபேதா குன்றுக்குப் போய்விட்டார் என்பார்கள்.

கிரானடாவில் மூர்களின் கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவுக்கு டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்பே எடுங்கள். அதற்குள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைக்குள் நுழைய நேரம் குறிப்பிட்டிருக்கும், தவறினால் அவ்வளவுதான். மற்றபடி கிரானடாவின் பெருமை, ஒரு பானம் கேட்டால் கூடவே ஒரு தட்டு தின்பண்டம் இலவசமாக வருவது. மூன்று கடை ஏறி இறங்கினால் இரவுச் சாப்பாடு முடிந்தது. ஊரை விட்டுத் தெற்கே போகும்போது நெடுஞ்சாலையில் 'மூர் மன்னனின் பெருமூச்சுக் கணவாய்' என்று பலகை வரும். 1492 ஜனவரி 2ல் நகரத்தை ஒப்படைத்துவிட்டுப் போன கடைசி சுல்தான் போஅப்தில் இங்கே திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாராம். பெருமூச்சுக்கு நெடுஞ்சாலைத் துறை பலகை வைத்திருக்கிற நாடு.

அந்தச் சாலையில் திரும்பினால் லான்ஹரோன். மினரல் வாட்டருக்குப் பேர்போன மலையூர். 1999ல் இடுகாட்டில் இடம் தீர்ந்துவிட்டது. புது நிலம் கிடைக்க இழுத்துக்கொண்டே போனது. மேயர் ஹோசே ரூபியோ ஓர் ஆணை பிறப்பித்தார்: நகராட்சி நிலம் வாங்கும்வரை லான்ஹரோனில் யாரும் சாகக் கூடாது, பொதுமக்கள் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலிடத்தின் காதில் விழ வேண்டும் என்பதுதான் உள்நோக்கம், உலகப் பத்திரிகைகள் முழுக்க வந்துவிட்டது. ஜூன் 23 நள்ளிரவில் போனால் ஊரே தெருவில் நின்று ஒருவர்மேல் ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும். போனை விடுதியில் வைத்துவிட்டு இறங்குங்கள்.

மீதி இருப்பது கிழக்கு. சுற்றுலாப் பயணிகள் அதிகம் எட்டிப்பார்க்காத வறண்ட பகுதி, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். குவாதிஸில் ஆயிரக்கணக்கானோர் குகை வீடுகளில் வாழ்கிறார்கள், தரையிலிருந்து வெள்ளைப் புகைபோக்கிகள் முளைத்திருக்கும். இந்த ஊருக்கும் பாசா என்ற பக்கத்து ஊருக்கும் ஒரு வழக்கு. சுமார் 1490ல் பாசாவில் பழைய தேவாலய இடத்தைத் தோண்டிய குவாதிஸ் கூலியாள் ஒருவர் கன்னி மரியாள் சிலையைக் கண்டெடுத்தார் என்பது ஐதீகம். கண்டது எங்கள் ஆள், சிலை எங்களுக்கு என்றது குவாதிஸ். கிடைத்தது எங்கள் மண்ணில் என்றது பாசா. தீர்ப்பு இப்படி வந்தது: சிலை பாசாவில் இருக்கட்டும், ஆனால் குவாதிஸிலிருந்து ஒருவர் உடம்பில் ஒரு கறையும் படாமல் அந்தத் தேவாலயத்தை அடைந்துவிட்டால் எடுத்துக்கொண்டு போகலாம். அன்றிலிருந்து வருஷா வருஷம் செப்டம்பர் 6ல் 'காஸ்கமோராஸ்' என்ற பெயரில் ஒருவர் கோமாளி உடையில் பாசாவுக்குள் நுழைகிறார். உடம்பெல்லாம் கருப்பு மை பூசிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருக்கிறார்கள். நாலு அடி வைப்பதற்குள் ஆள் கருப்பு. தோற்றுப்போய் 9ம் தேதி சொந்த ஊருக்குத் திரும்பினால், வெறுங்கையோடு வந்தாயா என்று குவாதிஸ்காரர்கள் வேறு சாயம் பூசி அடிக்கிறார்கள். இந்த வேலைக்கு ஒவ்வொரு வருஷமும் ஆள் கிடைக்கிறது, அதைப் பெரிய கௌரவமாக நினைக்கிறார்கள். செப்டம்பரில் போவதாக இருந்தால் எறிந்துவிடக்கூடிய துணியாக ஒரு செட் எடுத்துப்போங்கள். வெள்ளை உடுத்தினால் அதைச் சவாலாக எடுத்துக்கொள்வார்கள்.

பாசாவுக்கு வடகிழக்கே வெஸ்கர். 1809 நவம்பர் 11ல் இந்த ஊர் டென்மார்க் மீது போர் அறிவித்தது. டென்மார்க் நெப்போலியன் பக்கம் சேர்ந்திருந்ததுதான் காரணம். அறிவித்துவிட்டு மறந்துபோனார்கள். டென்மார்க்குக்குத் தெரியவே தெரியாது. 1981ல் பழைய ஆவணங்களைப் புரட்டியவர் கண்ணில் அந்தத் தீர்மானம் பட்டது, போரை முடித்துவைத்த காகிதம் எங்கேயும் இல்லை. அதே நவம்பர் 11ல் டென்மார்க் தூதர் வந்து சமாதானத்தில் கையெழுத்திட்டார். 172 வருஷப் போர், ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. பிறகு டென்மார்க்கின் கோல்டிங் நகரத்தோடு சகோதர நகர ஒப்பந்தமும் செய்துகொண்டார்கள். அந்தக் கோல்டிங்கின் கோட்டையை 1808ல் எரித்தது யார் தெரியுமா? அப்போது நெப்போலியனின் கூட்டாளிகளாக அங்கே தங்கியிருந்த ஸ்பானிய வீரர்கள். எதிரிகளாக இல்லை, குளிர் தாங்காமல் அடுப்பில் விறகை அளவுக்கு மீறிப் போட்டுவிட்டார்கள். நண்பனாக இருந்தபோது கோட்டையை எரித்து, பகைவனானபோது ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் வெஸ்கருக்குப் போட்டி அல்மேரியா மாகாணத்தின் பளிங்கு மலைகளில் இருக்கும் லிஹர். சில நூறு பேர் வாழும் கிராமம். 1883ல் ஸ்பானிய அரசர் பன்னிரண்டாம் அல்ஃபோன்ஸோ ஜெர்மனிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பாரிஸ் தெருவில் கூட்டம் அவரைக் கூச்சலிட்டு அவமானப்படுத்தியது. ஸ்பெயின் அரசு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டது. லிஹர் இருக்கவில்லை. அக்டோபர் 14ல் ஊர் சபை கூடி, மேயர் தலைமையில், பிரான்ஸ் நாட்டின் மீது போர் அறிவித்தது. அது 100 வருஷம் நீடித்தது, காயம் ஒருவருக்கும் இல்லை. 1976ல் அரசர் ஹுவான் கார்லோஸ் பாரிஸ் போனபோது நல்ல மரியாதை கிடைத்தது. அதைக் கணக்கில் எடுத்து, பிரெஞ்சுக்காரர்கள் திருந்திவிட்டார்கள் என்று சபை ஏற்றுக்கொண்டது. 1983 அக்டோபர் 30ல் பிரெஞ்சுத் தூதரக அதிகாரிகள் இந்த மலைக்கு ஏறிவந்து சமாதானத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பிரான்ஸிலிருந்து ஆள் வரும்வரை விடவில்லை பாருங்கள், அங்கேதான் லிஹர் ஜெயித்தது என்பேன். ஊரில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. தேநீர்க்கடை மாதிரி ஒரு சின்ன பார், அதில் உட்கார்ந்து போரைப் பற்றி ஆரம்பியுங்கள்.

கடைசியாக தபெர்னாஸ் பாலைவனம், அல்மேரியா நகருக்குச் சற்று வடக்கே. 1960களில் இத்தாலிய இயக்குநர்கள் அமெரிக்க கௌபாய் படங்களை எடுத்த இடம். செட்டுகளை இடிக்காமல் டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள், துப்பாக்கிச் சண்டையும் நடக்கும். குழந்தைகள் கூட வந்தால் போங்கள், இல்லாவிட்டால் சாலையிலிருந்து பார்த்தாலே போதும். இந்தப் பட்டியலிலேயே காசு வாங்கிக்கொண்டு சிரிக்கவைக்க முயலும் இடம் அது ஒன்றுதான், சிரிப்பும் அங்கேதான் குறைவு.

மாதம் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் பிப்ரவரி, அல்லது செப்டம்பர் முதல் வாரம். முதலாவதில் காதிஸிலிருந்தும் இரண்டாவதில் பாசாவிலிருந்தும் தொடங்கி மற்றதை முன்பின்னாக மாற்றிக்கொள்ளுங்கள். காதிஸ் கார்னிவலுக்கு விடுதி கிடைக்காவிட்டால் ஹெரேஸில் தங்கி ரயிலில் போய்வரலாம், முக்கால் மணி நேரம்தான். நாள் பத்துக்கும் குறைவு என்றால் லேபேயையும் உபேதாவையும் விட்டுவிடுங்கள். லேபேக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், உங்களைப் பற்றி ஒரு ஜோக் மட்டும் தயாராகிவிடும்.